பேஜ்மேக்கருக்கு இரண்டாவது திரை: பழைய லேப்டாப்பை வேலைக்கு எடுத்த அனுபவம்

1998 முதல் 2006 வரை ஒரு சிற்றிதழுக்கு நான்தான் பக்கம் அமைத்துக் கொடுத்தேன். பெயருக்குக் காலாண்டிதழ். பணம் சேரும்போது வரும், சேராவிட்டால் தள்ளிப்போகும். மொத்தம் 31 இதழ்கள் வந்தன. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள். 6.5இல் தொடங்கி 7.0வில் முடித்தோம். எழுத்துருக்கள் டாப், டாம் என்ற பழைய தமிழ்க் குறியேற்ற முறைகளில் சில, அதற்கும் முந்தைய தட்டச்சு முறையில் சில. அந்தக் கோப்புகளைச் சிடியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு இதழாக, இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றி வைப்பது என்று சென்ற ஆண்டு முடிவுசெய்தேன். இதில் வருமானம் எதுவும் இல்லை. அந்த எழுத்துகள் தேடினால் கிடைக்கிற நிலைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 7.0 பதிப்பு 2001இல் வந்தது, 2004இல் மேம்பாட்டை நிறுத்திவிட்டார்கள். யூனிகோட் அதற்குத் தெரியவே தெரியாது. என் மேசைக் கணினியில் இருப்பது லினக்ஸ் மின்ட். அதில், கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் 32 பிட் விண்டோஸ் 7 நிறுவி, அந்த விண்டோஸுக்குள் என் பழைய டிஸ்கிலிருந்து பேஜ்மேக்கரை ஏற்றினேன். கோப்புகள் திறந்தன, எழுத்துருக்கள் ஏறின, பக்கங்கள் அன்று விட்ட இடத்தில் அப்படியே நின்றன. அன்று மாலை முழுக்க வேலையே செய்யாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

தொல்லை அடுத்த நாள் தொடங்கியது. பேஜ்மேக்கரில் ஒரு கட்டுரையை எடுத்து, எழுத்துரு மாற்றியில் ஒட்டி, யூனிகோடாக வாங்கி, உரைத் திருத்தியில் போட்டு, மூலப் பக்கத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதைத் தவிர்க்க முடியாது. தட்டச்சு மரபில் வந்தவர்கள் பலர் ‘ர’வுக்கும் காலுக்கும் ஒரே விசையைப் பயன்படுத்தியிருப்பார்கள். ‘கௌரி’ என்று வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்று அடி அடித்திருப்பார்கள். மாற்றி அதை விசுவாசமாக ‘கெளரி’ என்று தரும். ‘ஔவை’ ‘ஒளவை’யாகி நிற்கும். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தேடினால் கிடைக்காது. எது பிழை, எது சரி என்று வாசித்துப் பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு 21.5 அங்குல மானிட்டர். பக்கத்தையும் திருத்தியையும் அருகருகே வைத்தால் இரண்டிலும் எழுத்து சிறுத்துப்போகிறது. ஆல்ட்-டேப் அடித்து மாறி மாறிப் பார்த்தால் கண் வரியைத் தொலைக்கிறது. ஒரு பக்கத்துக்கு நாற்பது முறையாவது தொலைக்கிறது.

அலமாரியில் ஒரு 14 அங்குல லேப்டாப் சும்மா இருந்தது. 2 ஜிபி நினைவகம், 1366×768 திரை. பிரவுசர் திறந்தால் திணறும், ஆனால் திரையில் ஒரு கீறல்கூட இல்லை. இதை மானிட்டராக ஆக்கினால் என்ன என்று தோன்றியது. மகளிடம் சொன்னேன்.

“அப்பா, ரெண்டுலயும் எச்டிஎம்ஐ இருக்கே. ஒரு கேபிளைப் போட்டா முடிஞ்சுதுல்ல?”

“முடியாதும்மா. ரெண்டுமே வெளியே அனுப்புற வாய். உள்ளே வாங்குற வாய் ரெண்டுலயும் இல்ல.”

பலரும் முதலில் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். சாதாரண லேப்டாப்பில் இருக்கிற எச்டிஎம்ஐ துளை படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். 2009 முதல் 2014 வரை வந்த சில ஐமேக்குகளில் வெளிப்படத்தை உள்ளே வாங்கிக் காட்டும் வசதி இருந்தது. அது விதிவிலக்கு. யூஎஸ்பியில் செருகும் கேப்சர் கார்டு வாங்கினால் லேப்டாப்பாலும் படத்தை வாங்க முடியும். ஆனால் என் மேசைக் கணினியில் இருக்கிற ஒரே எச்டிஎம்ஐ துளையை மானிட்டர் பிடித்துக்கொண்டிருக்கிறது. கையில் பணமும், கணினியில் இன்னொரு துளையும் இருப்பவர்கள் யோசிக்காமல் பழைய மானிட்டர் ஒன்றை வாங்கிவிடலாம். அதுதான் சுலபம்.

மாற்றியையும் திருத்தியையும் லேப்டாப்பிலேயே நேரடியாகத் திறந்துகொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பேஜ்மேக்கரிலிருந்து எடுத்ததை விண்டோஸுக்கு வெளியே லினக்ஸில் ஒட்டியபோது, பழைய 8 பிட் எழுத்துகளில் சில வழியிலேயே கேள்விக்குறிகளாகிவிட்டன. எந்தக் குறி எங்கே தொலைந்தது என்று தேடுவது தனி வேலை. எடுப்பதும் ஒட்டுவதும் ஒரே விண்டோஸுக்குள் நடந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆகவே எனக்கு வேண்டியது மேசைக் கணினிக்கு இன்னொரு மானிட்டர் அல்ல, உள்ளே ஓடுகிற விண்டோஸுக்கு இன்னொரு மானிட்டர். இந்த வேறுபாடு மண்டையில் ஏறிய பிறகுதான் வழி திறந்தது.

மெய்நிகர் கணினிக்கு மானிட்டர் என்பது நினைவகத்தில் ஒதுக்கிய ஓர் இடம், வேறொன்றும் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் ‘இதற்கு இரண்டு மானிட்டர்’ என்று சொன்னால், உள்ளே இருக்கிற விண்டோஸ் இரண்டு மானிட்டர் உண்மையிலேயே செருகப்பட்டதாக நம்பும். அந்த இரண்டையும் எந்தக் கண்ணாடியில் காட்டுவது என்பது நம் விருப்பம். வழக்கமாக இரண்டும் ஒரே கணினியில் இரண்டு சாளரங்களாக வரும். விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே, திரையை வேறொரு கணினிக்கு அனுப்பும் ரிமோட் டிஸ்ப்ளே சர்வர் ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் ரிமோட் டெஸ்க்டாப் மொழியான ஆர்டிபியைப் பேசும் எந்த நிரலும் அதோடு இணையலாம். அதன் கையேட்டில் ஒரு சின்னப் பத்தி: இணையும்போது டொமைன் என்ற இடத்தில் @1 என்று கொடுத்தால் முதல் திரை வரும், @2 என்று கொடுத்தால் இரண்டாவது திரை மட்டும் வரும். இதைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எனக்காகவே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

இதில் இன்னொரு நன்மை. அந்த சர்வர் விண்டோஸுக்குள் ஓடுவதில்லை, வெளியே விர்ச்சுவல்பாக்ஸோடு ஓடுகிறது. விண்டோஸ் 7க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. அதை இணையத்தில் விடுவது சரியில்லை என்பதால் அதன் நெட்வொர்க்கை முழுதாகத் துண்டித்து வைத்திருக்கிறேன். அப்படி இருந்தும் திரை மட்டும் நெட்வொர்க் கேபிள் வழியே லேப்டாப்புக்கு வந்து சேர்கிறது. உள்ளே விஎன்சி என்ற, திரையைத் தொலைவிலிருந்து காட்டும் நிரலைப் போட்டு இதைச் செய்ய முயன்றிருந்தால் விண்டோஸுக்கு நெட்வொர்க் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும்.

தேவைப்பட்டவை மூன்று. விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸின் துணை நிரல்களான கெஸ்ட் அடிஷன்ஸ் ஏற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது மானிட்டர் என்ற பேச்சு எடுபடாது. மேசைக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸின் கூடுதல் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக் போட வேண்டும், ரிமோட் டிஸ்ப்ளே வசதி அதில்தான் வருகிறது. அந்தப் பேக் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். அச்சகத்திலோ அலுவலகத்திலோ தொழிலுக்குப் பயன்படுத்தினால் உரிமம் வாங்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். லேப்டாப்பில், ஆர்டிபி வழியாகத் திரையை வாங்கிக் காட்டும் ஃப்ரீஆர்டிபி நிரல் இருந்தால் போதும். டெபியன் 12 என்ற லினக்ஸை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைச் சூழலோடு அதில் நிறுவினேன். திரையாக மட்டும் வேலை செய்யப் போகிற கணினிக்கு 2 ஜிபி தாராளம்.

விர்ச்சுவல்பாக்ஸில் செட்டிங்ஸுக்குள் டிஸ்ப்ளே பகுதி. ஸ்கிரீன் தாவலில் மானிட்டர் எண்ணிக்கை 2. வீடியோ மெமரியையும் கவனிக்க வேண்டும்: 1920×1080 திரைக்கு ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் ஏறக்குறைய 8 எம்பி, லேப்டாப் திரைக்கு 4 எம்பி. இரண்டும் சேர்ந்து 12தான் என்றாலும் 64 கொடுத்து வைத்தேன். 3டி முடுக்கத்தை அணைத்தேன், பேஜ்மேக்கருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ரிமோட் டிஸ்ப்ளே தாவலில் சர்வரை இயக்கி, போர்ட் 3389 என்று இருந்ததை அப்படியே விட்டு, ‘பல இணைப்புகளை அனுமதி’ என்ற கட்டத்தை டிக் செய்தேன். இந்தக் கட்டம் முக்கியம். இது இல்லாவிட்டால் ஒரு நேரத்தில் ஓர் இணைப்புக்குத்தான் இடம்.

நான் தேர்ந்த முறை இது: மெய்நிகர் கணினியைச் சாளரமே இல்லாமல், ஹெட்லெஸ் முறையில் தொடங்குவது. பிறகு மேசைக் கணினியிலிருந்து @1க்கு ஓர் இணைப்பு, லேப்டாப்பிலிருந்து @2க்கு ஓர் இணைப்பு. சாதாரணமாகத் தொடங்கினால் இரண்டாவது திரைக்கும் ஒரு சாளரம் மேசைக் கணினியிலேயே வந்து நிற்கிறது. அதை மூடினால் விண்டோஸ் அந்த மானிட்டரையே கழற்றிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது, சுருக்கி வைத்தால் எப்போதாவது தெரியாமல் கை பட்டுவிடுகிறது. ஹெட்லெஸ் முறையில் இரண்டு கணினிகளும் சம உரிமையுள்ள பார்வையாளர்கள், குழப்பம் இல்லை.

முதல் முறை லேப்டாப்பில் இணைத்தபோது இணைப்பே ஏறவில்லை. பாதுகாப்பு முறையில் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை. ஃப்ரீஆர்டிபியிடம் பழைய ஆர்டிபி பாதுகாப்பு முறையையே பயன்படுத்து என்று குறிப்பிட்டுச் சொன்னதும் ஏறியது. ஏறியதும் முழுக் கருப்பு. பதினைந்து நிமிடம் அமைப்புகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கினேன். காரணம் எளியது: விண்டோஸுக்கு இரண்டாவது மானிட்டர் தெரிகிறது, ஆனால் நான் அதை இன்னும் பயன்படுத்தச் சொல்லவில்லை. முதல் திரையில் ஸ்கிரீன் ரெசல்யூஷன் போய், ‘இந்தத் திரைகளை நீட்டி’ என்பதைத் தேர்ந்ததும் லேப்டாப்பில் நீல வால்பேப்பர் பூத்தது. சமையலறைக்குப் போய் மகளைக் கூட்டிவந்து காட்டினேன்.

அடுத்து அளவு. லேப்டாப்பின் 1366×768ஐக் கேட்டால் ஓரத்தில் பொருந்தாமல் நின்றது, எழுத்தும் லேசாக மங்கியது. 1366 என்ற எண் 8ஆல் வகுபடாது. மெய்நிகர் திரைகளுக்கு 8ஆல் வகுபடும் அகலம்தான் ஒத்துப்போகிறது என்பதை என் அமைப்பில் இப்படித்தான் தெரிந்துகொண்டேன். 1360 கேட்டேன், எழுத்து கூர்மையாக வந்தது. இரு ஓரத்திலும் மூன்று மூன்று புள்ளி கருப்பு, கண்ணுக்கே தெரியாது. அளவைச் சொல்வதற்கு, விர்ச்சுவல்பாக்ஸைக் கட்டளை வரியில் இயக்கும் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையில் கன்ட்ரோல்விஎம் பிரிவுக்குள் செட்வீடியோமோடுஹின்ட் என்று ஒன்று இருக்கிறது. அகலம், உயரம், நிறத்துக்கு 32, கடைசியில் திரை எண். இங்கே ஒரு பள்ளம். ஆர்டிபி இணைப்பில் இரண்டாவது திரை @2. இந்தக் கட்டளையிலோ எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குகிறது, அதனால் அதே இரண்டாவது திரை இங்கே 1. நான் 2 என்று கொடுத்துவிட்டு ஏன் எதுவும் நடக்கவில்லை என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைஃபையில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன். எழுத்து அடிக்க முடிகிறது, ஆனால் திருத்தியில் பக்கத்தை உருட்டினால் திரை துண்டு துண்டாக வந்து சேர்கிறது. கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 1360×768 திரையின் ஒரு முழுப் படம் சுமார் 42 லட்சம் பைட். நொடிக்கு 30 படம் சுருக்காமல் அனுப்பினால் ஏறக்குறைய 1,000 மெகாபிட், ஒரு கிகாபிட் கேபிளே நிரம்பிவிடும். ஆர்டிபி அப்படி அனுப்புவதில்லை. மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. திருத்தியில் ஓர் எழுத்து அடித்தால் போவது ஒரு சின்னச் சதுரம். உருட்டும்போது மட்டும் முழுத் திரையும் மாறுகிறது, அப்போதுதான் பாதையின் அகலம் தெரிகிறது. லேப்டாப்பில் 100 மெகாபிட் கேபிள் துளைதான். அதுவே போதுமானதாக இருந்தது. வைஃபையில் பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்) சில சமயம் 5 மில்லிநொடி, சில சமயம் 80. கேபிளில் எப்போதும் ஒன்றுக்கும் கீழே. கண்ணை உறுத்துவது தாமதத்தைவிட அந்த ஏற்ற இறக்கம்தான். வீடியோ பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அடிக்கடி மாறும் பகுதியைக் கண்டுபிடித்து ஜேபெக் முறையில் சுருக்கி அனுப்பும் வசதியும் இந்த சர்வரில் உண்டு. தரத்தை 10 முதல் 100 வரை வைக்கலாம், இயல்பாக 75. எனக்குத் தேவைப்படவில்லை.

கேபிளுக்கு மாறியபோது பாதுகாப்பையும் யோசித்தேன். கடவுச்சொல் இல்லாமல் இந்த சர்வரைத் திறந்து வைத்தால், அதே வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிற யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து மவுஸைப் பிடிக்கலாம். இயல்பாக அது எல்லா முகவரியிலும் காது கொடுக்கிறது. ஆகவே கேபிளுக்கென்று தனி முகவரி வரிசை ஒன்றை வைத்தேன்: மேசைக் கணினிக்கு 10.10.10.1, லேப்டாப்புக்கு 10.10.10.2. சர்வர் 10.10.10.1இல் மட்டும் காது கொடுக்கட்டும் என்று கட்டிவிட்டேன். வைஃபை பக்கமிருந்து தட்டினால் கதவே இல்லை.

இரண்டு நாள் கழித்து காலையில் எழுந்து தொடங்கினால் எதுவும் இணையவில்லை, மேசைக் கணினியிலிருந்தே முதல் திரைக்கு இணையவில்லை. முந்தின இரவு நன்றாகத்தானே ஓடியது என்று குழம்பினேன். நடந்தது இது: லேப்டாப் அணைந்திருந்ததால் கேபிளின் மறுமுனையில் உயிர் இல்லை. மறுமுனையில் உயிர் இல்லாவிட்டால் லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் அந்த இணைப்பையே இறக்கி வைத்துவிடுகிறது. 10.10.10.1 என்ற முகவரியே அந்த நேரத்தில் கணினியில் இல்லை. இல்லாத முகவரியில் சர்வர் எப்படிக் காது கொடுக்கும்? அன்றைக்கு லேப்டாப்பை இயக்கிவிட்டு, கன்ட்ரோல்விஎம் வழியாக ரிமோட் டிஸ்ப்ளேயை ஒருமுறை அணைத்து மறுபடி இயக்கினேன். விண்டோஸை நிறுத்த வேண்டிய தேவை வரவில்லை. நிரந்தரத் தீர்வாக, நடுவில் ஐந்து துளை ஸ்விட்ச் ஒன்றை வைத்தேன். லேப்டாப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேசைக் கணினியின் கேபிளுக்கு மறுமுனையில் ஸ்விட்சின் உயிர் இருக்கும். அதற்குப் பிறகு இந்தத் தொல்லை வரவில்லை.

இதுவரை திரை மட்டும்தான். லேப்டாப் திரையில் ஏதாவது கிளிக் செய்ய வேண்டுமென்றால் லேப்டாப்பின் டச்பேடை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. மானிட்டர் என்றால் மவுஸ் தானாக அங்கே நகர்ந்து போக வேண்டாமா? அதற்கு பேரியர் என்ற நிரலைப் போட்டேன். ஒரே மவுஸையும் கீபோர்டையும் நெட்வொர்க் வழியாக இரண்டு கணினிகளுக்குக் கொடுக்கும் நிரல் இது. சினர்ஜி என்ற நிரலிலிருந்து பிரிந்து வந்தது. மேசைக் கணினியில் சர்வர், லேப்டாப்பில் கிளையன்ட், வலப்பக்கம் லேப்டாப் என்று படம் போட்டுக் காட்டினால் போதும். மவுஸ் மானிட்டரின் வலது ஓரத்தைத் தொட்டதும் லேப்டாப்பில் இறங்குகிறது. லேப்டாப்பில் முழுத்திரையாக ஓடுவது விண்டோஸின் இரண்டாவது மானிட்டர். ஆகவே பார்ப்பதற்கு விண்டோஸின் அம்புக்குறியே ஒரு திரையிலிருந்து மறு திரைக்குத் தாவியதுபோல் இருக்கும். உண்மையில் அது இரண்டு கணினிகளைச் சுற்றிக்கொண்டு அதே விண்டோஸுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

பேரியர் முதலில் மறுத்தது. முழுத்திரையில் பேஜ்மேக்கர் இருக்கும்போது மவுஸ் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஃப்ரீஆர்டிபி கீபோர்டைத் தன் பிடியில் வைத்திருக்கிறது, பேரியருக்கும் அதே பிடி வேண்டும். ஒருவர் பிடித்ததை இன்னொருவர் பிடிக்க முடியாது. மேசைக் கணினியில் மட்டும் ஃப்ரீஆர்டிபியின் கீபோர்டு பிடியை விடச் சொன்னதும் மவுஸ் தடையில்லாமல் கடந்தது.

அதன் விளைவு ஒன்று. மேசைக் கணினியில் விண்டோஸ் விசையை அழுத்தினால் இப்போது மின்ட்டின் மெனுதான் திறக்கிறது. எனக்கு அந்த விசை அவசியம், ஏனென்றால் சாளரங்களை மவுஸால் இழுத்து அடுத்த திரைக்குக் கொண்டுபோக முடியாது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது பேரியர் ஓரத்தைக் கடக்க விடாது. மாற்று வழி விண்டோஸ் 7இலேயே இருக்கிறது: விண்டோஸ் விசை, ஷிஃப்ட், அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இயங்கிக்கொண்டிருக்கும் சாளரம் அடுத்த மானிட்டருக்குத் தாவும். லேப்டாப்பில் ஃப்ரீஆர்டிபியின் பிடி அப்படியே இருப்பதால் அங்கிருந்து அழுத்தினால் வேலை செய்கிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. மவுஸை லேப்டாப்புக்கு நகர்த்திவிட்டு அந்த மூன்று விசைகளை அழுத்தினால், மேசை மானிட்டரில் இருக்கிற பேஜ்மேக்கர்கூட நகர்ந்து வருகிறது! கீபோர்டின் அடி எந்தக் கணினி வழியாகப் போனாலும் உள்ளே சேருமிடம் ஒரே விண்டோஸ், அதற்கு இயங்கும் சாளரமும் ஒன்றே ஒன்று. இது புரியாத முதல் இரண்டு நாள், லேப்டாப்பில் அடிப்பதாக நினைத்து பேஜ்மேக்கர் பக்கத்தில் எழுத்துகளை இறைத்தேன். மவுஸ் போனால் மட்டும் போதாது, போன இடத்தில் ஒரு கிளிக் செய்துவிட்டு அடிக்க வேண்டும்.

தமிழ் அடிக்கிறவர்கள் கவனிக்க: மேசைக் கணினியிலும் லேப்டாப்பிலும் கீபோர்டை ஆங்கிலத்திலேயே வைத்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸுக்குள் மட்டும் இருக்கட்டும். வெளியே ஒரு தமிழ் விசைப்பலகை, உள்ளே ஒரு தமிழ் விசைப்பலகை என்று இரண்டும் விழித்திருந்தால் வருவது எந்த மொழியிலும் சேராது.

இன்னும் ஒரு தொல்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. பக்கத்தைப் படித்துக்கொண்டே இருப்பேன், லேப்டாப் திரை அணைந்துவிடும். அதன் கண்ணோட்டத்தில் யாரும் அதைத் தொடவில்லை. வருகிற படம் மாறிக்கொண்டே இருந்தாலும் அதை அது வேலையாக எண்ணுவதில்லை. எக்ஸ்எஃப்சிஇயின் பவர் மேனேஜரில் திரை அணைப்பு, உறக்கம், திரைக்காப்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். கூடவே ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: லேப்டாப் எழுந்ததும் @2க்கு இணைய முயல வேண்டும், இணைப்பு அறுந்தால் ஐந்து நொடி விட்டு மறுபடி முயல வேண்டும். இப்போது லேப்டாப்பின் பவர் பொத்தானை மட்டும் அழுத்துகிறேன், மற்றதை அது பார்த்துக்கொள்கிறது.

ஒரு நாள் லேப்டாப்பின் சார்ஜர் கழன்று அது அணைந்துபோனது. விண்டோஸுக்கு அந்த விவரம் தெரியாது, இரண்டாவது மானிட்டர் இன்னும் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். சேமிக்காத திருத்தி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. பதறத் தேவையில்லை. மேசைக் கணினியிலிருந்தே @2க்கு இன்னொரு இணைப்பு போட்டேன், காணாமல்போன திரை ஒரு சாளரமாக வந்து நின்றது, கோப்பைச் சேமித்தேன். திரையை மட்டும் இழப்போம், உள்ளே இருப்பதை இழக்க மாட்டோம். ஹெட்லெஸ் முறையைத் தேர்ந்ததற்கு அன்று மனதார மகிழ்ந்தேன்.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகுதான் கடைசி மாற்றத்தைச் செய்தேன். இதழின் பக்கம் நெட்டையானது, லேப்டாப் திரை குட்டையானது. லேப்டாப்பை விரித்த புத்தகம்போல் பக்கவாட்டில் நிறுத்தினால்? கீல் தொண்ணூறு பாகைக்குச் சற்று மேலே விரிந்த நிலையில் அது தானாகவே நின்றது. லேப்டாப்பில் படத்தைக் கால் வட்டம் திருப்பி, விண்டோஸிடம் இரண்டாவது மானிட்டர் 768 அகலம், 1360 உயரம் என்று சொன்னேன். 768 எட்டால் வகுபடும், தொல்லை தரவில்லை. காற்று வெளியேறும் துளை மேசையைப் பார்க்காமல் மேலே அல்லது வெளியே பார்க்கும்படி நிறுத்த வேண்டும், இது கட்டாயம். என் லேப்டாப்பில் துளை இடப்பக்கம் என்பதால் வலப்பக்கத்தைக் கீழே வைத்தேன். சார்ஜரின் முள்ளும் இடப்பக்கமே இருந்தது அதிர்ஷ்டம். அடியில் ஒரு பழைய மவுஸ் பேட், வழுக்காமல் இருக்க.

எழுத்தின் அளவும் பொருந்திவந்தது. 21.5 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 102 புள்ளி. 14 அங்குலத்தில் 1366×768 என்றால் 112. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, ஒரே எழுத்துரு அளவு இரண்டு திரையிலும் ஏறக்குறைய ஒரே பெரிதாகத் தெரிகிறது. கண் இடமிருந்து வலம் போகும்போது தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை. நிறத்தில்தான் வேறுபாடு. லேப்டாப் திரை சற்று நீலம் தூக்கலாக இருக்கிறது, பக்கவாட்டில் நிறுத்தியதில் இருந்து நேராக முன்னால் உட்கார்ந்தால்தான் சீராகத் தெரிகிறது. அட்டைப்படம் பார்க்க அதை நம்ப மாட்டேன். கருப்பு எழுத்து வாசிக்கக் குறையில்லை.

இப்போது இடப்பக்கம் பேஜ்மேக்கர், வலப்பக்கம் மேலே யூனிகோட் உரை, கீழே சின்னதாக மாற்றி. பக்கத்தைப் பார்க்கிறேன், உரையைப் பார்க்கிறேன், வரி தொலைவதில்லை. முன்பெல்லாம் ஒரு கட்டுரைக்கு ஒரு முற்பகல் போகும். இப்போது முற்பகலில் இரண்டு முடிகின்றன. எட்டாவது இதழ் வரை ஆகியிருக்கிறது. நேற்று ஒரு சிறுகதை, கதைத்தலைவி பெயர் கௌசல்யா. இருபத்தாறு இடங்களில் ‘கெளசல்யா’ என்று வந்திருந்தது. கொம்புக்குப் பின் ளகரம் வருகிற இடத்தையெல்லாம் ஒரே அடியில் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்றுதான் கை போனது. வலப்பக்கத்து நெட்டைத் திரையில் கதை முழுதும் தெரிந்ததால் ஒருமுறை கண்ணை ஓட்டினேன். அதே பக்கத்தில் ‘தெளிவு’, ‘வெளிச்சம்’, ‘கெளுத்தி மீன்’ எல்லாம் இருந்தன. பெயரை மட்டும் தேர்ந்து மாற்றினேன். கெளுத்தி கெளுத்தியாகவே இருக்கிறது.